மஞ்சள் நூல் போட்ட சைக்கிள்காரன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பியும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்லிவிடுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நன்றாகப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். தம்பிக்குக் கடைவாயில் ஈறு வீங்கியிருக்கிறது, பல்லைப் பிடுங்க வேண்டும் என்கிறார் டாக்டர், இவன் வலியே இல்லை என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்.

போன வாரம் நம் மலைப்பாதை வழியாகப் பெரிய சைக்கிள் பந்தயம் போனது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். காலையிலேயே போலீஸ் வந்து ரோட்டை அடைத்துவிட்டார்கள், பஸ் கிடையாது, பால்வண்டி கிடையாது, ஊர் மொத்தமும் நம் வீட்டு வளைவில்தான் நின்றது. டீக்கடைக்காரர் பாய்லரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உன் அம்மா மட்டும் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதற்கு, "சைக்கிள்ல போறவனப் பாக்க நான் ஏன் வேலைய விடணும், நம்ம தபால்காரரும்தான் சைக்கிள்ல போறாரு" என்றாள். நீ வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறேன் என்று கிளம்பியதிலிருந்து அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. உன்னோடு பேசாமல் இருப்பதும் அவளுக்குத்தான் கஷ்டம், அது உனக்கும் தெரியும்.

வெகுநேரம் காத்திருந்தோம், தூறல் வேறு. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது, அப்புறம் மலை மேலேயிருந்து விர்ரென்று ஒரு சைக்கிள் கூட்டம் இறங்கி, முகம் பார்ப்பதற்குள் வளைவு திரும்பிப் போய்விட்டது. இவ்வளவுதானா என்று பக்கத்தில் நின்ற உன் சித்தப்பா கேட்டார். ஆட்கள் கலையத் தொடங்கிய பிறகு ஒருவன் மட்டும் தனியாக வந்தான். ஈர ரோட்டில் சக்கரம் வழுக்கி, நம் மதில் வேலைக்குக் கொட்டியிருந்த மணல்மேட்டில் வந்து விழுந்தான். மணலாக இருந்ததால் பிழைத்தான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம், கால்சட்டை இடுப்பிலிருந்து தொடை வரை கிழிந்து தொங்குகிறது. நான் ஓடிப்போய்ச் சைக்கிளை நிமிர்த்திக் கழன்ற செயினை மாட்டினேன். அவன் எழுந்திருக்கவே இல்லை, கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டான். உன் வயதுதான் இருக்கும். அவன் பாஷை யாருக்கும் புரியவில்லை, ஆனால் போதும் என்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

அப்போது உன் அம்மா வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப், ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, இன்னொரு கையில் மிஷினில் ஓடிக்கொண்டிருந்த மஞ்சள் நூலைக் கோத்த ஊசி. அவன் முழங்கையைக் கழுவிவிட்டாள், தண்ணீர் குடிக்கவைத்தாள், பிறகு அவனைத் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தி, "அசையாத, ஊசி குத்திரும்" என்றாள். தமிழில்தான் சொன்னாள், அவன் சிலைமாதிரி நின்றான். கறுப்புக் கால்சட்டையில் இவ்வளவு பெரிய மஞ்சள் தையல். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டு இங்க ஏம்ப்பா உக்காந்திருக்க, மெதுவாப் போ, போனாப் போதும்" என்றாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான், ஏதோ சொன்னான், அவளும் சரி சரி என்று தலையாட்டினாள். ஏறி உட்கார்ந்ததும் நான் சீட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டேன், போய்விட்டான்.

அதற்கப்புறம் அவள் மிஷின் பக்கமே போகவில்லை. சாயங்காலம் வரை டிவி முன்னால்தான். ஜெயித்தவனுக்கு மாலை போட்டு, கோப்பை கொடுத்து எல்லாம் முடிந்தது, நம் ஆளைக் காணோம். பந்தயத்தை விட்டுட்டு வண்டியில் ஏறியிருப்பான் என்றான் தம்பி. அவனை முறைத்தாள் பார், பல்வலிகூட மறந்திருக்கும். பிறகு ஒருவழியாகக் காட்டினார்கள், கடைசி ஆளாக, மழையில், நிதானமாக மிதித்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினான். தொடையில் மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிந்தது. சித்தி பக்கத்து வீட்டிலிருந்தே, நம்ம ஆள் வந்துட்டான் என்று கூப்பிட்டுச் சொன்னாள். உன் அம்மா டிவிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு, "தையல் விடல" என்றாள். டிவியை அணைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "அவளுக்குப் பரீட்சை எப்ப" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "பெத்த அப்பனுக்கு இதுகூடத் தெரியாதா, கேட்டு வைக்கிறதில்லையா" என்று எனக்கு நல்ல திட்டு விழுந்தது. எத்தனை மாதம் கழித்து உன் பேச்சை அவளாக எடுக்கிறாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், விளக்கு வெளிச்சம் போதாத இடத்தில் படிக்காதே. எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்து, நோய்நொடி இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். அம்மா பந்தயக் கதையைச் சொன்னால் முதல்முறை கேட்பதுபோலக் கேள். இது கைக்கு வந்ததும் மறக்காமல் போன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன், அவள்தான் எடுப்பாள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா