கூடுவாஞ்சேரிக் குளிர்

ஜனவரி 2, வெள்ளி

பனி. ஏரிக்கு அந்தப் பக்கத்து வீடுகளைக் காணவில்லை. வானிலை அறிக்கைப்படி இருபத்தொரு டிகிரி. சிட்லபாக்கம் முழுக்க மங்கி குல்லா. வருஷா வருஷம் நான் சிரிக்கும் காட்சி.

மதியம் ஆஸ்பத்திரி. மனைவி ஜெயாவுக்கு மறுபடியும் மருந்து ஏற்றினார்கள். குடலில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று. மிச்சம் மீதி இருந்தால் அதற்காக இது. டாக்டர் போன தடவை சொன்னதையே சொன்னார். கொஞ்ச நாளைக்குக் குளிர்ந்த எதையும் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, குளிர்காற்று கூடாது. தொட்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். மற்றபடி வேலைக்குப் போகலாம். "சென்னைதானே, கவலை இல்ல" என்று முடித்தார்.

வீட்டில் குளிர்ந்தவை: ஸ்டீல் டம்ளர். குழாய். பீரோ கைப்பிடி. கேட் கொண்டி. ஒரு குடும்பம் இத்தனை இரும்போடு வாழ்கிறது என்பதை இன்றுதான் கவனித்தேன். டம்ளர்கள் பரணுக்குப் போயின.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, கூடுவாஞ்சேரியில். பத்தாம் வகுப்புக் கணக்கு ஜெயாவுடையது. போவேன் என்கிறாள். ஸ்கூட்டரில்.

ஜனவரி 3, சனி

வாக்குவாதம், காபியோடு. கண்ணாடி டம்ளர்.

"டாக்சி வெச்சுக்கலாம் ஜெயா."

"டாக்சில போய் எறங்கினா பசங்க கேப்பாங்க."

"உடம்பு சரியில்லன்னு சொல்லு."

"பரீட்சை நேரத்துல அதுங்களுக்கு அது எதுக்கு? பயப்படறதுக்குக் கணக்கு போதும்."

பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. வழக்கம் போல ஸ்கூட்டரில் கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவள் பழைய மிஸ். அவள் கேட்பது அவ்வளவுதான். மறுக்க ஒரு காரணம் தேடினேன். கிடைத்தவை எல்லாம் நியாயமானவை, ஒன்றும் உதவவில்லை.

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே நடைபாதைக் கடை. கையுறை கேட்டேன்.

"எங்க சார், ஊட்டியா?"

"கூடுவாஞ்சேரி."

கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம்: "மச்சான், கூடுவாஞ்சேரில ஐஸ் உழுதாம்டா."

பக்கத்துக் கடை: "அங்க பிளாட்டு வாங்கினவன்லாம் அயுதுகினு கீறான், அது தெரியும். ஐஸு தெரியாது."

இருப்பதிலேயே கனமானதை வாங்கினேன். மங்கி குல்லாவும் ஒன்று.

சாயங்காலம் எதிர்வீட்டு நடராஜன் சார், ரயில்வேயில் இருந்தவர், சால்வைக்குள்ளிருந்து யோசனை சொன்னார். "டெல்லில இருந்தப்போ சட்டைக்குள்ள நியூஸ்பேப்பர் வெச்சுப்பேன் சார். காத்து தாண்டாது." நன்றி சொன்னேன். இதற்குமுன் அவருக்கு எதற்கும் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஜனவரி 4, ஞாயிறு

காலை, சோதனை ஓட்டம். ஏரியைச் சுற்றி. கல்யாணமான நாள் முதல் வண்டியை அவள்தான் ஓட்டுவாள், நான் பின்னால். எனக்கும் தெரியும், லைசென்ஸ் உண்டு. நான் ஓட்டினால் அவள் பின்னாலிருந்து ஓட்டுவாள். ஒரு வண்டிக்கு ஒருவர் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஜெயா: ஸ்வெட்டர், மூக்குவரை சால்வை, என் ரெயின்கோட், குல்லா, அதன்மேல் ஹெல்மெட். நெஞ்சில் பேப்பர். எந்தப் பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும் என்று யோசித்து மனை விளம்பரப் பக்கத்தை எடுத்தேன். தடித்த காகிதம். செய்திப் பக்கங்களை வைக்க மனம் வரவில்லை.

வேகத்தடை அருகே ஒரு நாய். பிரேக் தாமதமாகப் பிடித்தது. நாய்தான் விலகியது.

வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "பிரேக் எங்க இருக்குன்னே கைல தெரியலங்க."

கையுறையைக் கழற்றிவிட்டு முயன்றாள். கம்பியைத் தொட்டதுமே கையை உதறினாள். கையுறை போட்டால் பிரேக் தெரியாது. போடாவிட்டால் பிரேக்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

சாவியை என் கையில் வைத்தாள். ஆபரேஷன் அன்றுகூட இந்த முகத்தைப் பார்க்கவில்லை.

மாலை. புடவைக்கு இஸ்திரி போட்டபடி: "ஸ்கூல் முக்கு வரைக்கும் நீங்க ஓட்டுங்க. அங்கேருந்து நான்."

"பிரேக்?"

"கொஞ்ச தூரம்தானே. பல்லைக் கடிச்சுக்கறேன்."

ஜனவரி 5, திங்கள்

பனி அதிகம். நான் முன்னால், கையுறை இல்லாமல். அவள் கைகள் என் ஸ்வெட்டர் பைகளுக்குள்.

இரண்டு பிரேக் கம்பிகளையும் கிளம்பியதிலிருந்து விரல்களால் பொத்திக்கொண்டே போனேன். பெருங்களத்தூரில் பைக்கில் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"யோவ் பெருசு, பிரேக்கப் புடிச்சிகினே போறியே, பின்னால லைட்டு எரிஞ்சிகினே கீது. ஓட்டத் தெர்யுமா இன்னா?"

"நானும் அதான் கேக்கறேன்," பின்னாலிருந்து ஜெயா.

நான் விரலை எடுக்கவில்லை. வண்டலூர் மரங்களுக்கிடையிலிருந்து காற்று. புறங்கை சில்லிட்டது. உள்ளங்கை இல்லை. சென்னையில் குளிரும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பள்ளி முக்கு, டீக்கடை ஓரம். ஜெயா இறங்கிக் குல்லா, ரெயின்கோட், சால்வை எல்லாம் கழற்றினாள். நெஞ்சிலிருந்து மனைகளை உருவினாள். கடைசியாகக் கையுறை. ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். பழைய மிஸ், கொஞ்சம் இளைத்து.

"எறங்குங்க."

"நீ ரெடியாகு." அதுவரை கம்பிகளை விடவில்லை.

ஏறி உட்கார்ந்தாள். அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லைத் தொடப் போகிறவள் போல விரல்களை நீட்டினாள். தொட்டாள். பிடித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சூடா இருக்கு."

"சீக்கிரம் போ. ஆறிடும்."

போனாள். நான் முக்கிலேயே, கை நிறையத் துணியோடு. கேட்டருகே சைக்கிளில் இரண்டு பெண்கள், "குட் மார்னிங் மிஸ்." பிரேக் விளக்கு எரிந்தது. சரியான இடத்தில்.