பச்சை அடித்த ஊர்

மே 2021, செவ்வாய், இரவு

எங்கள் பத்திரிகையில், தொற்று இல்லாத ஊர்களுக்குப் பச்சை அடித்து நான் வரையும் கொரோனா வரைபடத்தை, கோவில்பட்டிக் கடைக்கார பாய் தினமும் பார்ப்பார். மாலையில் போன் செய்தார்.

"தம்பி, தங்கச்சி ஊரு பச்சையா இருக்குன்னு பாத்துதான் மாசமா இருக்க மகள அங்கன கொண்டு விட்டேன். இப்ப காய்ச்சல் அடிக்குது."

அந்த ஊரில் பரிசோதனையே நடக்கவில்லை. தொற்று எண்ணிக்கைப் பட்டியலில் காலியாக இருந்த கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு பச்சை அடித்தவன் நான். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

"நாளைக்கு எந்த ஊருக்குப் பச்சை போடுதீங்க? அங்கன கூட்டிட்டுப் போயிருதேன்."

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். என் தவறை மட்டும் சொல்லவில்லை.

இப்போது பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். இப்படி நான் பச்சை அடித்த ஊர்கள் இன்னும் பதினொன்று. அங்கெல்லாம் யார் யார் மகளைக் கொண்டு விட்டிருக்கிறார்களோ.