பலகை நிறைய ‘நான்’

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. நீ நலம் என்பதை உன் கைப்பட எழுது, அப்போதுதான் நம்புவேன்.

எங்கள் சலவைக்கூடத்து சூப்பர்வைசர் இறந்துபோனதைச் சொன்னேன் அல்லவா, அவர் இடத்துக்கு என்னைப் போட்டுவிட்டார்கள். வாசலில் ஒரு கரும்பலகை உண்டு, இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் செய்கிறவர். மனிதர் பதினெட்டு வருஷமும் எல்லா வரியிலும் ‘நான்’ என்றே எழுதினார். மூட்டை பிரிப்பதா, நான். கறை எடுப்பதா, நான். பாய்லரா, அதுவும் நான். ன் தலையில் புள்ளி வைக்கமாட்டார், குட்டி வட்டம் போடுவார். யாராவது கை நீட்டினால், விடு, சொல்லிக் குடுக்கற நேரத்துல நானே முடிச்சிருவேன் என்பார். நாங்கள் பன்னிரண்டு பேரும் மரம் மாதிரி நிற்போம். கடைசியில் கறை எடுக்கும் மேஜை மேலேயே சாய்ந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பூட்டைத் திறந்தால் பலகை நிறைய ‘நான்’, அதே வட்டம். பாய்லர் சுட்டது. விரிப்புகள் அவர் மடிக்கிற மாதிரியே ஓரம் உள்ளே போய் அடுக்கியிருந்தன. மற்றவர்களுக்கு வேலை மிச்சம் என்று சந்தோஷம், இஸ்திரி போடும் அக்கா மட்டும், செத்தும் நம்மள நம்பலயே மனுஷன் என்று அழுதாள். அது என்னைக் குத்திவிட்டது. பலகையைத் துடைத்து வரிக்கு ஒருத்தர் பெயர் எழுதினேன். எழுதினால் மட்டும் போதாது பாப்பா, மறுநாள் காலையில் மறுபடி எல்லா வரியிலும் ‘நான்’. துணி எப்படி இருந்தால் வேலை முடிந்தது என்று காட்டினேன், எதை அவர்களே முடிவு செய்யலாம், எதற்கு என்னைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன், பிறகு முதுகுக்குப் பின்னால் நிற்காமல் நகர்ந்தேன், நகர்வதுதான் கஷ்டம். வண்டி ஓட்டுகிறவர் நீலத்தைக் கொட்டி முப்பது விரிப்பை வானமாக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் நீலம் போடும் வேலையை அவரிடமே கொடுத்தேன். அதிலிருந்து காலையில் ‘நான்’ ஒவ்வொரு வரியாகக் குறைந்து, போன செவ்வாய்க்கிழமை பலகை சுத்தமாக இருந்தது.

அன்று மத்தியானம்தான் உன் படம் வந்தது. எட்டுப் பேருக்குத் தலைவியாகிப் புது அறையில் சிரிக்கிறாய், கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது. ஆட்களிடம் வேலையைக் கொடு என்று நான் சொன்னதற்கு, சொல்லிக் குடுக்கற நேரத்துல நானே முடிச்சிருவேம்மா என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பின்னால் வெள்ளைப் பலகை, எட்டு வரி, எட்டிலும் ‘நான்’. அப்பா உன் கையெழுத்துதான் என்கிறார். உனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான். நீ காகிதம் ஓட்டையாகிற மாதிரி அழுத்திப் புள்ளி வைப்பாய். அங்கே எட்டும் குட்டி வட்டம்.

பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். இதைப் படித்த கையோடு ஒரு வரியையாவது துடைத்து இன்னொருத்தர் பெயரை எழுது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு. நூறு வயசு இரு என் கண்ணே. பதிலைக் கையால் எழுது, ஒரு இடத்திலாவது ‘நான்’ என்று வரட்டும். பிரித்ததும் புள்ளியைத்தான் முதலில் தேடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா