ஆண் நண்டின் உட்புறம்

1934 மார்ச் 5, திங்கள். கிள்ளான்.

காலை முழுதும் தூறல். துணி காயவில்லை. கறுப்பு மை தீரப்போகிறது, வாங்க வேண்டும். பழுதான பேனா முனை இரண்டு.

இவர் மீன்பிடி இலாகாவின் மைக்ராஸ்கோப்பையும் ஃபார்மலின் போத்தல்களையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். இலாகாத் துரை நண்டைப் பற்றிக் கேட்ட கட்டுரை. எழுதுவது இவர், படம் கீறுவது நான். கான்வென்டில் கற்ற சித்திரம் ரோஜாப்பூவுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

படம் 1: மல்லாத்திய நண்டு. ஆணுக்கு வயிற்று மடல் ஒடுக்கம், நுனி கூர். பெண்ணுக்கு அகலம், வட்டம். பாசாரில் நண்டு வாங்க வரும் ஆட்கள் பார்ப்பது இவ்வளவுதான்.

ப. 2: மடலை நிமிர்த்தினால் இரண்டு சோடிக் காம்புகள். முதற் சோடி நீண்ட குழாய். மற்றது குட்டை, குழாய்க்குள் நுழைந்து விந்தை முன்னே தள்ளும். இவர் ஊசி முனையால் தொட்டுக் காட்டினார். வாத்தியார் குரல்.

"இந்த வளைவு பிழை. இன்னும் மெல்லிசாக் கீறும்."

கீறினேன்.

மாமி கதவடியில். மகனைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர், தைப்பொங்கலிலிருந்து எங்களோடுதான்.

"கலியாணம் முடிச்சு நாலு வருசம். புருசனும் பெண்சாதியும் குந்தியிருந்து நண்டின்ர அடிவயித்தைப் பாக்கினம்."

நாங்கள் தலை நிமிரவில்லை.

மார்ச் 6, செவ்வாய்.

ரயிலில் கோலாலம்பூர். பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டில் சாப்பாடு. கத்தரிக்காய் நல்ல ருசி. பிறகு அக்காவோடு லேடி டாக்டரிடம். மதராஸ்காரி. சிரிக்காத முகம், சூடான கை.

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. போன தடவையும் இதைத்தான் சொன்னேன். வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு மைக்ராஸ்கோப். கொஞ்ச நேர வேலை."

"அவர் வரமாட்டார்."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அக்கா விடவில்லை. "உன்ர வாயைத் தைச்சோ வச்சிருக்கினம்? மாமி தன்ர தமையன்ர மகளை உன்ர மனுசனுக்கு ரெண்டாந்தாரமாக் கேட்டாச்சு. என்ர மனுசனுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். நீ படம் கீறிக்கொண்டிரு."

அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. ரயிலில் நாவல் பாதி முடித்தேன். கதாநாயகிக்குக் காய்ச்சல். அநேகமாகச் சாவாள். சாகட்டும்.

மை வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 8, வியாழன்.

வெயில். எல்லாம் காய்ந்தது. ஈ அதிகம்.

ப. 3: ஓட்டைக் கழற்றிய பின் உட்புறம். ஈரலின் மேல் இரு பக்கமும் வெள்ளைச் சுருள்கள், நடுவில் ஒரு பாலம். அவைதான் விதைகள். அங்கிருந்து விந்துக்குழாய்: முதலில் நூல் போல, பிறகு பருத்துப் பால் நிறம், கடைசியில் கண்ணாடி போல. பின்னங்காலின் அடியில் முடியும். அழகு என்றுதான் சொல்ல வேண்டும். மாவில் பிழிந்த இடியப்பம்.

மைக்ராஸ்கோப்பில்: நண்டின் விந்துக்கு வால் இல்லை. நீந்தாது. பொதி பொதியாகக் கட்டிக் கொடுத்துவிடும். பெண் அதை மாதக்கணக்காக உள்ளே வைத்திருப்பாள்.

"மனுசருக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கு வால் இருக்கு. ஓடும்."

லென்சைத் துடைத்தார். சுத்தமாக இருந்ததையே திரும்பத் துடைத்தார். அப்போது கேட்டிருக்கலாம்.

பகல் சாப்பாட்டில் மாமி சொன்னது: தமையனுக்குச் சம்மதமாம். சித்திரைக்குப் பிறகு முதற் கப்பலில் பெண் வருவாளாம். இவர் இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டார்.

மார்ச் 10, சனி.

மாமியோடு பாசார். மாமிக்குச் சினை நண்டு வேண்டும். சினை நண்டு தின்றால் வயிறு திறக்குமாம். வந்த நாள் முதல் எனக்கு அதுதான் மருந்து. நண்டுக்காரர் ஒன்றை மல்லாத்திக் காட்டினார்.

"பாத்துக்கங்க ஆத்தா. மடலு மூட மாட்டேங்குது, அம்புட்டு சினை. மருமகளுக்கா? அடுத்த வருசம் தொட்டிலுக்குக் கயிறு வாங்க வருவீங்க."

"உன்ர வாய்க்குச் சீனி போடவேணும்," என்றார் மாமி. என்னையும் சிரிக்கச் சொல்லி இடித்தார். சிரித்தேன்.

வீட்டில் இவர் அடுப்படிக்கு வந்தார், பார்த்தார், கத்தியைப் பிடுங்கினார்.

"அம்மா, இது பெண் இல்லை."

"அகல மடல். முட்டையும் கிடக்கு. பெண்ணெண்டு சொல்ல வேற என்ன வேணும்?"

"முட்டை இல்லையம்மா. இது வேற சீவன். நண்டுக்குள்ள வேர்விட்டு ஆணுறுப்பை வத்தப் பண்ணிப்போடும். மடலும் பெண்ணைப் போல அகலிச்சிடும். நண்டு தன்ர முட்டையெண்டு அதைக் காத்துக்கொண்டு திரியும்."

மடலை நிமிர்த்தினார். மஞ்சள் பை ஒன்று, வழுவழுப்பாக. காம்புகள் இருந்தன, சூம்பிப் போய். ஓட்டையும் கழற்றினார். உள்ளே வெள்ளைச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

மாமி கையை முந்தானையில் துடைத்தார். "சீ. வெட்டினாத்தானே தெரியுது. எறி அதை."

எறியவில்லை. போத்தலில் போட்டார். ப. 4 ஆகுமாம்.

மாமி குளிக்கப் போன பிறகு ஒரு கண்ணாடித் துண்டைக் கழுவித் துடைத்து மேசையில் இவர் முன்னால் வைத்தேன்.

"இதெதுக்கு?"

"டாக்டர் கேட்டவ. என்னில குறை இல்லையாம். இது உங்களுக்கு."

துண்டை என் பக்கம் தள்ளினார். "நான் ஒருத்தரிட்டயும் போய்க் காட்டமாட்டன்."

"போக வேண்டாம். மைக்ராஸ்கோப் இஞ்சதானே கிடக்கு."

என் குரல் உப்புப் புளி கேட்பது போல இருந்தது.

மார்ச் 11, ஞாயிறு.

மாமி கோயிலுக்கு. இவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் அரிசி பொறுக்கினேன்.

பிறகு கூப்பிட்டார். "வந்து பாரும். எனக்குப் பிழைச்சிருக்கலாம்."

பார்த்தேன். வட்டமான வெளிச்சம். அங்கங்கே சிறு உருண்டைகள். வால் உள்ளது எதுவும் இல்லை. துண்டை இவர் மெல்ல நகர்த்தினார். இல்லை. சன்னலைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினார். இல்லை.

"ஒருக்காப் பாத்துச் சொல்லேலாது," என்றார். "இன்னொரு நாளும் பாக்கவேணும்."

"ஓம்."

"அம்மாவுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேயும்."

துண்டைக் கழுவி வைத்தேன். நான்கு வருடக் கசாயம், விரதம். இரண்டு மாதமாக நண்டு. கோபம் வரவேண்டிய இடம். பொறுக்கிய அரிசியைக் கழுவி உலையில் போட்டேன்.

மார்ச் 12, திங்கள்.

மறுபடி தூறல். ப. 4 முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. துரைக்குப் பிடிக்குமாம்.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். சோறு, சொதி, வாழைக்காய்ப் பொரியல்.

மாமி: "பிள்ளை, முன்னறையை ஒழிச்சு வை. அண்ணன்ர பெட்டை வந்தா இருக்க இடம் வேணும். உன்னை ஒருத்தரும் போகச் சொல்லேல்லை. உனக்கொரு குறையும் வைக்கமாட்டம்."

இவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். நான் காத்திருந்தேன். சொதி ஊற்றினேன். இன்னும் காத்திருந்தேன். ஒரு பிடி உருட்டி வாயில் வைத்தார்.

சட்டியைக் கீழே வைத்தேன்.

"மாமி, என்னில குறையில்லையெண்டு டாக்டர் சொன்னவ. மிச்சத்தை உங்கட மகனிட்டக் கேளுங்கோ."

"என்ன தம்பி சொல்லுறாள் இவள்?"

இவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. கையில் சோறு காய்ந்தது.

"அந்தப் பிள்ளையைக் கூப்பிடாதேங்கோ அம்மா. நான் பாத்தனான்."

"என்னத்தைப் பாத்தனி?"

சொன்னார். முதலில் இங்கிலீஷில். மாமி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் சொன்னார்.