நீங்கள் எழுதிய ஐந்து வரிகள்

எனக்கு அண்ணன் போலிருந்த அருமை நிஸ்தார் நானாவுக்கு,

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. நாம் எதிரெதிரே இருந்து புரோகிராம் எழுதிய கட்டுகஸ்தோட்டை அலுவலகத்தில் உங்கள் கதிரையில் இன்னும் யாரும் உட்காரவில்லை. இடம் போதாமல் ஒரு பிரிண்டர் பெட்டியை மட்டும் அதில் வைத்திருக்கிறோம், கோபிக்க மாட்டீர்கள். இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் மேல் நான் ஒரு வீண்பழி போட்டுவிட்டேன், அதுவும் நாலு பேர் முன்னால்.

போன மாதம் கண்டி டவுனில் ஒரு பார்மசிக்குப் புதுக் கம்பியூட்டர் வந்தது. மருந்துப் பைகளில் ஒட்டும் தமிழ் லேபிளுக்காக நீங்கள் எழுதிய லைப்ரரி என்கிற புரோகிராம் தொகுப்பை அதில் ஏற்றியது நான்தான். அன்று காலை ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வந்த என் அம்மா அங்கேதான் மருந்து வாங்கினார். லேபிளைப் படித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

"ஏம்மா, டாக்டரு சாப்புட்ட பொறகுன்னாரு. இதுல சாப்புடுறதுக்கு முன்னாடின்னு போட்டிருக்கே?"

உடனே பார்மசிக்கு ஓடினேன். அதுவரை மருந்து வாங்கிய ஆறு பேரையும் போனில் பிடித்தோம். நல்ல வேளை, யாரும் இன்னும் மாத்திரையைத் தொட்டிருக்கவில்லை. பார்மசியை நடத்தும் மிஸ்ஸுக்குச் சரியான கோபம். "யார் இத எழுதினது?" என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நிஸ்தார் நானா எழுதினது மிஸ்" என்றேன். லைப்ரரி உங்களுடையதுதானே, இதில் என்ன பொய் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிறகு உட்கார்ந்து பார்த்தேன். நம் லைப்ரரி தனியாக ஓடாது, ஏதாவது ஒரு புரோகிராம் கூப்பிட்டால்தான் வேலை செய்யும். லேபிளில் வரும் தமிழ் வாக்கியங்கள் லைப்ரரி இருக்கிற அதே ஃபோல்டரில் ஒரு கோப்பில் இருக்கின்றன. அதை எடுக்க வேண்டுமானால், தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று ஓடும்போதே லைப்ரரிக்குத் தெரிய வேண்டும். அதுவோ, கூப்பிட்ட புரோகிராமின் ஃபோல்டரைத் தன்னுடையது என்று எண்ணிக்கொண்டிருந்தது. பழைய கம்பியூட்டரில் இரண்டும் ஒரே இடம் என்பதால் குழப்பம் வரவில்லை. புதியதில் வேறு வேறு. போதாக்குறைக்கு, புரோகிராமின் ஃபோல்டரில் பழைய வாக்கியக் கோப்பு ஒன்றை நான் விட்டுவைத்திருந்தேன். வாக்கியங்களை வரிசை எண் வைத்துத்தான் லைப்ரரி எடுக்கும், அந்தப் பழைய கோப்பிலோ வரிசை வேறு. ஒரு எச்சரிக்கையும் வராமல் பிழையான லேபிள் அழகாக அச்சாகிவிட்டது.

"இந்த மனுசன் இப்படியா எழுதிவைப்பார்?" என்று உங்களைத் திட்டிக்கொண்டே, லைப்ரரியில் யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் பழைய பதிவுகளைப் புரட்டினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவில் உங்கள் ஐந்து வரிகள் கிடந்தன. லைப்ரரி தன்னுடைய ஃபங்ஷன் ஒன்றின் நினைவக முகவரியைக் காட்டி, இது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று சிஸ்டத்திடம் கேட்கிறது. யார் கூப்பிட்டாலும் தன் சொந்த இடமே பதிலாக வரும். அந்த வரிகள் இருந்திருந்தால் என் பழைய கோப்பை அது எட்டிக்கூடப் பார்த்திருக்காது.

அடுத்த பதிவில் அந்த வரிகளைக் காணோம். அழித்தவர் பெயர் தேவிகா, நானேதான். "ஒரு மெஷினில் பாதை அரைகுறையாக வருகிறது, எளிதாக்கினேன்" என்று குறிப்பு வேறு. அதை முழுப் பாதையாக்க இன்னும் ஒரு வரி போதும், கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். ஏன் கேட்கவில்லை? ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை பிடித்து அந்த வாரம் நாம் பேசாமல் இருந்தோமே, அதனாலா?

உங்கள் வரிகளைத் திரும்பப் போட்டேன். பழைய கோப்பைத் தூக்கினேன். மிஸ்ஸிடம் போய் உண்மையையும் சொன்னேன். ஆனால் மிஸ்ஸின் வீடும் மடவளையில் உங்கள் தெருவில்தான். நான் முதலில் சொன்ன கதை அதற்குள் உங்கள் வீட்டுக்குப் போய்விட்டது.

நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இன்னும் இருக்கிறார். வெளி ஆண்கள் போய்ப் பேச முடியாது, நம் அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். பஸ்ஸில் வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா என்னைப் பேசவே விடவில்லை.

"அவர்ட பிழையால தோட்டத்து அம்மா ஒருத்தருக்கு மருந்து மாறினதாமே? அந்த அம்மாவ என்னட்டக் கூட்டிட்டு வாங்க புள்ள. எனக்கு வெளிய வர ஏலா. அவருக்காக நான் மாப்புக் கேக்கணும். மௌத்தானவர்ட தலையில ஒருத்தர்ட ஹக்கும் ஈக்கக் கூடாது."

யாருக்கோ செய்த அநியாயம் மன்னிக்கப்படாமலே உங்களோடு வந்துவிட்டது என்ற பயம். ஒரு கிழமையாக அதோடுதான் படுத்து எழும்பியிருக்கிறார். நான் அழுதுவிட்டேன் நானா.

"அது எங்கம்மாதான்க்கா. அவங்களுக்கு ஒன்னும் ஆகல, மாத்திரைய குடிக்கவே இல்ல. நானா சரியாத்தான் எழுதியிருந்தாரு. அத அழிச்சது நான்."

ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப, அவர் சரியாத்தான் எழுதினாரா?"

"சரியாத்தான் எழுதினாருக்கா."

"இன்னொருக்காச் சொல்லுங்க புள்ள."

சொன்னேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன்.

அக்கா கேட்கும் வரைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டே இருப்பேன் நானா. உங்கள் தெருவில் கேட்காதவர்களுக்கும் சொல்வேன். இது சத்தியம்.

உங்களிடம் மாப்புக் கேட்கும்
உங்கள் தங்கச்சி,
தேவிகா