பாபு கூப்பிடாத கல்யாணம்

மே 10, சனி

வெயில். காலை ஒன்பதுக்கே தார் ரோடு இளகிக் கிடக்குது. சித்தூர்ல பஸ் ஏறும்போது கிட்டார் பெட்டியைத் தொட முடியல. புத்தலப்பட்டு தாண்டினதும் தூக்கம்.

திருப்பதி. டைல்ஸ் கடைக்கு மேல மூணாவது மாடி, எங்க பயிற்சி ரூம், எப்பவும்போல 11 மணி. சுகுணா கீபோர்டு, கிரி பேஸ், பாபு ட்ரம்ஸ். பன்னண்டு வருஷமா சனிக்கிழமைன்னா இந்த நாலு பேருதான்.

புதுசா எழுதின பாட்டைக் கொடுத்தேன். ஏழு எண்ணிக்கை, மெதுவா நகரணும். பாபு மூணாவது தடவையும் தாளத்தை விட்டு ஓடிட்டான். "யாருப்பா துரத்துறா உன்ன?"ன்னேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன். கிரி சிரிக்கல. சுகுணா ஜன்னலைப் பார்த்துக்கினு இருந்தா. பாபு முகத்தைத் துடைச்சிட்டு மறுபடி ஆரம்பிச்சான்.

வர்ற வெள்ளி கூடுதலா ஒரு பயிற்சி வைக்கலாமான்னு கேட்டேன். மூணு பேரும் தரையைப் பார்த்தாங்க.

கிரிக்கு திருமலையில ரூம் கவுண்டர் வேலை. "கொண்ட மேல ட்யூட்டி சார், லீவ் இவ்வரு." மலை மேல வேலையாம், லீவ் தரமாட்டாங்களாம்.

சுகுணா: "ஸ்கூல்ல பேப்பர் திருத்தணும் சார்."

பாபு: "எனக்கும் முடியாதுண்ணா." காரணம் இல்ல.

திரும்பி வரும்போது பஸ்ல தோணுச்சு. இது மே மாசம். ஸ்கூல்தான் மூடிட்டாங்களே, எந்த பேப்பர்?

வாங்க வேண்டியது: கிட்டாருக்கு மூணாவது தந்தி. பல்பு. தோசை மாவு, அரை கிலோ போதும்.

மே 12, திங்கள்

அதே வெயில். கரண்ட் ரெண்டு தடவை போச்சு.

புதுப் பாட்டுல நாலாவது பக்கம் ஒரு சுரத்தைத் தப்பா எழுதிட்டேன். சுகுணாவுக்கு போன் போட்டேன். எடுத்தது அவ வீட்டுக்காரர்.

"அவ டெய்லர் கடைக்குப் போயிருக்காண்ணா. வெள்ளிக்கிழமை நீங்க எப்படி வர்றீங்க? எங்க கார்ல ஒரு எடம் இருக்குது."

"எங்கே?"

"சூளூர்பேட்டைக்குத்தான். பாபு பொண்ணு கல்யாணம்."

எனக்குத் தெரியாதுன்னு அவருக்குப் புரிஞ்சிடுச்சு போல. "அவளையே பேசச் சொல்றேண்ணா"ன்னு வெச்சிட்டாரு.

சுகுணா திருப்பிக் கூப்பிடல.

காவ்யாவுக்குக் கல்யாணம். ஸ்கூல் படிக்கும்போது பயிற்சிக்கு வந்து மூலையில உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும். என்னைப் பெரியப்பான்னு கூப்பிடும்.

மே 13, செவ்வாய்

சமைக்கல. பன்னும் டீயும்.

பாபுவை நான் என்ன சொல்லியிருக்கேன்? ஞாபகம் வந்த வரைக்கும்:

மாடு மாதிரி அடிக்காதே.
எண்ணத் தெரியலன்னா விரல் விட்டு எண்ணு.
உன்னால மத்த மூணு பேருக்கும் கஷ்டம். (இது எத்தனை தடவை?)
மார்ச்ல ஹோட்டல் நிகழ்ச்சி. பாட்டு நடுவுல கையைத் தூக்கி நிறுத்தினேன். "முதல்ல இருந்து. இந்த தடவையாவது தூங்காம"ன்னு மைக்லயே சொன்னேன். கேட்டவங்க முப்பது பேர் இருப்பாங்க, சிரிச்சாங்க. பாபுவும் சிரிச்சான்.

நல்லா வரணும்னுதானே சொன்னேன்.

இதை எழுதிட்டு அடிச்சிட்டேன். மறுபடி எழுதினேன். அடிக்கப் போறதில்ல.

மே 16, வெள்ளி

போனேன்.

போகக்கூடாதுன்னு வியாழன் பூரா சொல்லிக்கினு இருந்தேன். காலை 4.40க்கு சட்டை மாட்டிட்டேன். கிட்டார் எடுக்கல. திருப்பதியில பஸ் மாறி, சூளூர்பேட்டை போய்ச் சேரும்போது பத்தே கால். முகூர்த்தம் முடிஞ்சிடுச்சு. மண்டப வாசல்ல சந்தனம் கொடுக்கிற அம்மா கேட்டாங்க: "அப்பாயி தரஃபா, அம்மாயி தரஃபா?" மாப்பிள்ளை பக்கமா, பொண்ணு பக்கமான்னு. சந்தனத்துக்குக் கையை மட்டும் நீட்டினேன்.

உள்ளே வாசிச்சுக்கினு இருந்தாங்க. சுகுணா, கிரி, பாபு. பட்டு வேட்டியோட ட்ரம்ஸ் பின்னாடி உட்கார்ந்திருக்கான், பொண்ணோட அப்பன். தூணுக்குப் பின்னாடி நின்னேன்.

ரெண்டு சினிமாப் பாட்டு. அடுத்தது என் பாட்டு. அம்மா தவறின வருஷம் எழுதினேனே, மெதுவா, அது. அதை மூணு மடங்கு வேகத்துல குத்துப் பாட்டு மாதிரி அடிக்கிறான். பசங்க ஆடுறாங்க. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர் துண்டைச் சுத்துறாரு. கிரி ஒரு எடத்துல தப்பா போய் பாபுவைப் பார்த்தான். ரெண்டு பேரும் வாய் விட்டு சிரிச்சாங்க. சுகுணா தலையில அடிச்சுக்கினு சிரிச்சா. இவங்க வாசிக்கும்போது சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.

முதல்ல எரிச்சல். அப்புறம்? எழுத மனசு வரல. நல்லா இருந்தது. எழுதிட்டேன்.

பாட்டு முடிஞ்சு பாபு முகத்தைத் துடைச்சுக்கினு எழுந்தான். என்னைப் பார்த்துட்டான். முகம் மாறிடுச்சு. நேரா வந்தான்.

"எப்பண்ணா வந்தீங்க?"

"இப்பத்தான்."

"யாரு சொன்னாங்க?"

"அதை விடு. என்னை ஏன் கூப்பிடல பாபு?"

சமையல்கட்டு பக்கம் கூட்டிக்கினு போனான். எச்சில் எலை எடுக்கிறவங்க இடிச்சுக்கினு போறாங்க. நிதானமாத்தான் பேசினான், கோவமே இல்ல.

"மார்ச்ல ஹோட்டல்ல நிறுத்தினீங்களே, அன்னிக்கு காவ்யா மாப்பிள்ளையோட வந்திருந்துச்சு. நிச்சயம் ஆன புதுசு. எங்க நைனா வாசிக்கிறதைப் பாருன்னு இட்டுக்கினு வந்துச்சு. முன் வரிசையில உட்கார்ந்திருந்தாங்க."

எனக்குத் தெரியாதுன்னேன்.

"உங்களுக்குத் தெரியாதுண்ணா. நானும் சொல்லல. பத்திரிகை எழுதும்போது பொண்ணு சொல்லுச்சு, அவரு வேணாம் நைனான்னு. அதுக்காக மட்டும் இல்ல. நீங்க இருந்தா நான் எண்ணிக்கினே இருப்பேன். எம்பொண்ணு கல்யாணத்துல எண்ணாம இருக்கணும்னு நெனச்சேன்."

எலை எடுக்கிறவங்களுக்கு வழி விட்டு நின்னேன்.

"துன்னுட்டுப் போங்கண்ணா. சாப்பிடாம போவாதீங்க."

மேடைக்குப் போனேன். காவ்யா என் காலைத் தொட்டு எழுந்திரிச்சுது. மாப்பிள்ளையும்தான். பெரியப்பான்னு கூப்பிடல. "வாங்க சார்"ன்னுச்சு.

சாப்பிட்டேன். பக்கத்து எலை காலி. சுகுணா வந்து உட்கார்ந்தா. "பொய் சொல்லிட்டேன் சார்"னு அழுதா. பரவாயில்ல, பாயசம் ஊத்தச் சொல்லுன்னேன்.

மே 18, ஞாயிறு

நேத்து பயிற்சி இல்ல. நான்தான் வேணாம்னு மெசேஜ் போட்டேன். மூணு பேரும் உடனே சரின்னாங்க.

சர்ச்சுல கிட்டார் வாசிச்சேன். பாட்டுக்காரங்க எல்லாம் நல்லா ஒத்துப்போனாங்க. இவங்களும் எனக்குப் பயந்துக்கினுதான் வாசிக்கிறாங்களோ?

அக்கா பெங்களூர்ல இருந்து போன். "சாப்பிட்டியா? கூட யாராவது வந்து போறாங்களா?" வர்றாங்கன்னேன்.

மே 21, புதன்

பாபுவுக்கு லெட்டர். மூணு பக்கம். படிச்சுப் பார்த்தா ரெண்டரை பக்கம் தாளத்தைப் பத்தி. கிழிச்சிட்டேன்.

லேசா தூறல். மண் நனையல.

மே 24, சனி

பதினொண்ணுக்குப் போனா பாபு மட்டும் முன்னாடியே இருக்கான். சிம்பல் தட்டு எல்லாம் கழட்டித் துணியில சுத்திட்டான்.

"எடுத்துக்கினு போவலாம்னு வந்தேண்ணா. கீழ ஆட்டோ நிக்குது."

"வேற எங்கயாவது வாசிக்கப் போறியா?"

"இல்லண்ணா. வீட்ல வெச்சு அடிச்சுக்கினு இருப்பேன்."

உட்கார்ந்து பேசலாம்னேன். ஆட்டோக்காரன் திட்டுவான்னான். சரி, சாமானுக்கு ஒரு கை கொடுக்கிறேன்னேன். சின்னது எல்லாம் ரெண்டு நடையில இறக்கினோம். பெரிய ட்ரம் கடைசி. அவன் கீழ, நான் மேல. ரெண்டாவது மாடி திருப்பம் ரொம்ப குறுகல், ட்ரம் மாட்டிக்கிச்சு. அவன் முகம் எனக்குத் தெரியல. ட்ரம் மறைக்குது. அப்பதான் வந்தது.

"பாபு, நான் பண்ணது தப்பு. ஹோட்டல்ல மட்டும் இல்ல. பன்னண்டு வருஷமும். மன்னிச்சிடு."

அவன் ட்ரம்மை லேசா திருப்பினான்.

"பார்த்து புடிங்கண்ணா. படி இருக்குது."

இறக்கினோம். ஆட்டோவுல ஏத்திக் கயிறு கட்டினான். நான் நகரவே இல்ல. கிரியும் சுகுணாவும் தெரு முனையில நிக்கிறாங்க, கிட்ட வரல. பாபு முன்னாடி ஏறி உட்கார்ந்துட்டு தலையை வெளிய நீட்டினான்.

"வாசிக்க இனி வேணாம்ணா. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. கிட்டார் இல்லாம வாங்க."

ஆட்டோ போயிடுச்சு.

மேல போய் மூணு பேரா உட்கார்ந்தோம். கிரி ட்ரம்ஸ் இருந்த எடத்தைப் பெருக்கினான். யாரும் வாசிக்கல. டீ வாங்கினு வந்து குடிச்சோம். சுகுணா வீட்டு மாடியில ரூம் கட்டுறதைப் பத்திப் பேசினா. ஒரு மணி நேரம் இருக்கும். பாட்டைத் தவிர வேற எதையும் இவங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசினதில்ல.

மே 25, ஞாயிறு

மேகம். காத்து இல்ல.

புதன்கிழமை பாபு வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன். போன் பண்ணிட்டுப் போகணுமா, சும்மா போய் நிக்கலாமா?

வெறுங்கையோட போகக்கூடாது. ஸ்வீட் வாங்கலாம். சுகர்னு யாரோ சொன்னாங்களே, அது பாபுவா கிரியா?

பழமா? மாம்பழம் துன்னுவானா? அவன் வீட்ல எத்தனை பேர்? சின்னவன் ஒருத்தன் இருக்கணும், பேரு என்ன?

பன்னண்டு வருஷம். அவன் டீயில சர்க்கரை போட்டுக்குவானான்னுகூட தெரியல.