ஷவர் தொப்பி போட்ட அலாரம்

ஜனவரி 4, ஞாயிறு
வெளியே ஒரு டிகிரி. உள்ளே அதற்கும் கீழே.

மரண அறிவித்தல். லண்டன் எட்மண்டனைப் பிறப்பிடமாகவும் எங்கள் குசினி அலுமாரியை வதிவிடமாகவும் கொண்ட திரு. பொய்லர் அவர்கள் நேற்றுச் சனிக்கிழமை, வீட்டார் பல்லு விளக்கிக்கொண்டிருந்த வேளை, ஒருமுறை இருமிவிட்டு அகால மரணமடைந்தார். அன்னார் சுடுதண்ணீரின் ஆருயிர்த் துணைவரும், ஆறு றேடியேட்டர்களின் பாசமிகு தந்தையும் ஆவார். இறுதிக்கிரியைகள் கேஸ் என்ஜினியர் தலைமையில். அவர் எப்போது வருவார் என்பது கேஸ் என்ஜினியருக்கே தெரியாது. உற்றார் உறவினர் அனைவரும் கம்பளி உடுப்புடன் கலந்துகொள்ளவும்.

இதை பிரிண்ட் எடுத்து பொய்லரில் ஒட்டினேன். அப்பா வாசித்துச் சிரித்தார். அம்மாவைக் கண்டதும் சிரிப்பை விழுங்கினார்.

"உனக்கு விளையாட்டுக்கு ஒரு அளவில்லையே? வீட்டுக்குள்ள மரண அறிவித்தல். கிழிச்செறி."

கிழித்தாயிற்று. அப்பா லொஃப்டிலிருந்து பழைய கரண்ட் ஹீற்றரை இறக்கினார். இரண்டு கம்பி, சிவப்பாக, தூசு கருகுகிற மணம். முன்னறையில் வைத்தோம். இனி சாப்பாடு, படிப்பு, உடுப்புக் காயப்போடுதல் எல்லாம் அங்கேதான்.

ஜனவரி 6, செவ்வாய்
மழையா பனியா என்று அதற்கே முடிவில்லை.

சுதன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. லிங்கன்ஷையரில் வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் பெற்றோல் ஷெட் கடை வைத்திருக்கிறார். கூடவே அந்த ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையிலும் ஆள். போனில் அழைப்பு வந்தால் கடையைப் பூட்டி, 'நெருப்புக்குப் போய்விட்டேன்' என்ற மட்டையைக் கதவில் தொங்கவிட்டு ஓடுவார். பேக்கரிக்காரர், மாட்டு வைத்தியர், பள்ளிக்கூடச் சமையல்காரி எல்லாரும் ஓடுவார்களாம். நாலு பேர் சேராவிட்டால் வண்டி வெளிக்கிடாது. பக்கத்து ரவுணிலிருந்து வண்டி வரும்வரை எரிகிறது எரியவேண்டியதுதான்.

மற்றவர்களின் மாமாமார் சொக்லேட் கொண்டுவருவார்கள். என்னுடையவர் புகை அலாரம் கொண்டுவந்தார். பழையதற்குள் பற்றரி இல்லை என்று எப்படியோ மணந்துபிடித்துவிட்டார். புதியதை ஹோலில் பூட்டி, அழுத்திப் பார்த்தார். காது போய்விட்டது.

ஹீற்றரையும் அதன் முன்னால் நிற்கிற மடக்கு உடுப்புக் கொடியையும் பார்த்தார்.

"அக்கா, இதைத் தள்ளி வையுங்கோ. இந்த ஜேர்சியெல்லாம் பிளாஸ்டிக். பத்தினா உருகி ஒட்டும்."

"பத்து வருசமா இப்பிடித்தான் காயவைக்கிறன். நீ முதல்ல சாப்பிடு."

மாமா கொடியைத் தள்ளி வைத்தார். கோப்பை கழுவிவிட்டு வந்து அம்மா திரும்ப இழுத்து வைத்தார். பிறகு மாமா. பிறகு அம்மா. நான் ஓட்ட எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வாயை மூடு" என்றார்கள்.

ஜனவரி 9, வெள்ளி (காலை)
பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி. சாம்பிராணி என்றால் அலாரம். அது கத்த, பக்கத்து வீட்டு நாய் கத்த, அம்மா கத்த, ஒரே கச்சேரி. அம்மா கதிரையில் ஏறி அலாரத்துக்குத் தன் ஷவர் தொப்பியை மாட்டிவிட்டார். பின்னேரம் வடை வேறு சுடப்போகிறாராம்.

நான் மார்க்கரால் தொப்பியில் இரண்டு கண், ஒரு மூக்குத்தி வரைந்தேன். அலார மாமி. மாமா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தவர், இன்னும் எழும்பவில்லை. எழும்பினால் இருக்கிறது பூசை.

ஜனவரி 10, சனி
நேற்றுப் பின்னேரம் வீடு எரிந்தது. முழுக்க இல்லை. முன்னறை.

அம்மா வடை சுட்டு முடித்து, சூட்டோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போயிருந்தார். அப்பா வேலையில். நானும் மாமாவும் மேலே. கொடியிலிருந்து என் கால்பந்து ஜேர்சி ஹீற்றரில் விழுந்ததாம், தீயணைப்பு ஆட்கள் சொன்னது. மாமா கழற்ற, வடைக்காக அம்மா திரும்ப மாட்டிய தொப்பியோடு அலாரம் அப்படியே ஊமையாக.

நான்தான் மாமாவை வெளியே கொண்டுவந்தேன். தெரு முழுக்கப் பார்த்தது. மாமா இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, நான் முழங்கையில் பிடித்தபடி. அவர் கைகளில் ஜேர்சி உருகி ஒட்டியிருந்தது.

தீயை அணைக்கிற மாமாவைத் தீ அணைத்துவிட்டது. இதை ஆஸ்பத்திரியில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அம்மா மாமாவிடம் கேட்டார், "என்னடா நடந்தது?"

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, "கவின்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவன்" என்றார்.

ஜனவரி 12, திங்கள்
குளிர் அப்படியே. வீடு முழுக்கக் கரி மணம். யன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது.

பள்ளிக்கூடம். முதற்பாடத்தில் கதை சொன்னபோது மாமாவைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தேன். இடைவேளையில் முதுகில் சுமந்தேன். மத்தியானம் தோளில் ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் ரீவி.

நிமல் கேட்டான், "உன்ர மாமா எவ்வளவு நிறை?"

"ஆபத்தில நிறை பாக்கேலாது மச்சான்."

"நீ பள்ளிக்கூடப் பையையே இழுத்துக்கொண்டு வாறனீ."

பொறாமை.

ஜனவரி 14, புதன்
தமிழ்ப் பள்ளிக்கூட அதிபர் அம்மாவுக்குப் போன் எடுத்தார். 24ஆம் தேதி பொங்கல் விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். வழக்கமாக அதை வாங்குகிறவர்களுக்குத் தலைமயிர் நரைத்திருக்கும். நான் தலையில் கொஞ்சம் கோதுமை மா போட்டுக்கொண்டு போகவேண்டும்.

"வீரச் சிறுவன் எண்டு மேடையில சொல்லப்போகினமாம்" என்று அம்மா சொன்னார்.

பிறகு குசினியில் அப்பாவோடு. நான் படியில் இருந்தது தெரியாது.

"நான்தானப்பா தொப்பியைப் போட்டனான். நான்தானப்பா கொடியை இழுத்து வைச்சனான். என்ர தம்பியின்ர கையை நானே எரிச்சுப்போட்டன்."

"சும்மா இரும். ஆர் நினைச்சது?"

"என்ர பிள்ளை இல்லாட்டி அவன் உள்ளுக்கையே..."

நான் மேலே போய்விட்டேன்.

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். மூடுபனி. சூரியன் லீவு.

அம்மா அடுப்பைப் பற்றவைக்கமாட்டேன் என்றுவிட்டார். அப்பா ரைஸ் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். ருசி: ஈரச் சீமெந்து. மாமாவுக்கு அம்மா ஊட்டிவிட்டார். இரண்டு கையும் வெள்ளைக் கட்டு. குத்துச்சண்டைக்காரர் மாதிரி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மாமாவின் போன் சத்தம் போட்டது. கட்டோடு தொட்டால் வேலை செய்யாது.

"மருமோன், என்ர குறூப்பில என்ன போட்டிருக்கினம் எண்டு ஒருக்கா வாசி."

வாசித்தேன். ஊருக்கு வெளியே ஒரு பண்ணைவீடு. புகைபோக்கியில் தீ. மூன்று பேர்தான் சேர்ந்தார்கள். வண்டி வெளிக்கிடவில்லை. ரவுண் வண்டி வருவதற்குள் கூரை போய்விட்டது. கிழவருக்குக் காயம் இல்லை.

"ஆர் மூண்டு பேர்?"

பெயர்களை வாசித்தேன்.

"ம்." அதற்குப் பிறகு மாமா பொங்கல் வேண்டாம் என்றுவிட்டார்.

நாலாவது ஆள் லண்டனில், என் கட்டிலில்.

ஜனவரி 20, செவ்வாய்
கைச் சிகிச்சைக்கு மாமாவோடு நான் போனேன். அம்மாவுக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. கட்டைப் பிரித்தார்கள். எனக்கும் தைரியம் இல்லை என்று கண்டுகொண்டேன்.

இடது கை தேறும். வலது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்காதாம், ஒருவேளை எப்போதுமே. பெற்றோல் ஷெட்டில் கல்லாவைத் தட்ட ஏலும். தண்ணீர்க் குழாயைப் பிடிக்க ஏலாது.

பஸ்ஸில் மாமா கண்ணாடியில் விரலை வைத்து மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஏழு பகிடி விட்டேன். எட்டாவதற்கு, "காணும் கவின்" என்றார். கோபமாக இல்லை. களைப்பாக.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி இவ்வளவு நாளும் மாமா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 24, சனி
தூறல். ஆலயத்து மண்டபம். கரண்டில் எரிகிற ஒரு குத்துவிளக்கு. மெழுகுதிரி கூட வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம், எங்கள் வீட்டுக் கதை கேட்டபிறகு.

அதிபர் பத்து நிமிடம் பேசினார். நான் தீப்பிழம்புக்குள் பாய்ந்தேனாம். பொன்னாடை மஞ்சள், சரிகைக் கரை, கழுத்தில் கடித்தது. பொன்னாடை இல்லை, பொய்யாடை. மைக்கைத் தந்தார்கள். வருடக்கணக்காக மைக் கேட்டு அலைந்தவன் நான். "நன்றி" என்றேன். இறங்கிவிட்டேன். முன்வரிசையில் மாமா கட்டுக் கையால் மெத்து மெத்தென்று தட்டிக்கொண்டிருந்தார்.

இங்கேயாவது சரியாக எழுதுகிறேன்.

புகையை மணந்தது மாமா. என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு இறங்கியது மாமா. போகிற வழியில் முன்னறைக் கதவைச் சாத்தியதும் மாமா. நெருப்பு உள்ளே அடைபட்டுவிட்டது. இரண்டு பேரும் தெருவில், ஒரு கீறலும் இல்லாமல். மாமா தீயணைப்புக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் போன் முன்னறைச் சோபாவில் என்று நினைவு வந்தது. ஓடினேன். கதவைத் திறந்தேன்.

திறந்ததும் நெருப்பு எழும்பிய சத்தம் எழுதத் தெரியவில்லை. கொடி என்மேல் சரிந்தது. புகையில் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சுவரோடு குந்திவிட்டேன். வீரச் சிறுவன் காற்சட்டையை நனைத்தான்.

அப்போது ஆடு கத்தியது. என் போன் சத்தம் அதுதான், வகுப்பில் சிரிப்பு வருவதற்காகப் போட்டது. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்க, பக்கத்து வீட்டிலிருந்து அப்போதுதான் ஓடிவந்த அம்மா வெளியே நின்று எனக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஓடிவந்து புகையில் தேடிய மாமா அந்தச் சத்தத்தைப் பிடித்து என்னிடம் வந்தார். எரிகிற ஜேர்சிகளை வெறுங்கையால் என்மேலிருந்து பிய்த்தார். அதற்குப் பிறகுதான் தெரு பார்த்தது.

சற்றுமுன் குசினிக்குப் போனேன். அம்மா பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மாமான்ர கை எரிஞ்சது உங்களால இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் வெளியில வந்திட்டம். நான்தான் திரும்ப உள்ளுக்க போனனான். போன் எடுக்க."

மடித்த பொன்னாடை திரும்ப அவிழ்ந்தது.

"எடுத்தியோ?"

"இல்லையம்மா. அது முழு நேரமும் என்ர பொக்கெற்றுக்குள்ளதான் இருந்தது."